ஒன்றரைக் கரண்டிச் சர்க்கரை

மார்ச் 3, திங்கள்
இந்த நோட்டை வாங்கித் தந்தது அவர். "உன் தப்பையெல்லாம் தினமும் எழுது. அப்பத்தான் திருந்துவே" என்றார். கல்யாணமான நான்கு வருடத்தில் அவராகவே வாங்கித் தந்த முதல் பரிசு. அட்டை நல்ல கெட்டி.

இன்றைய தப்பு: டீயில் சர்க்கரை அதிகம். கார் சாவியைத் தொலைத்தேன். சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. நான்தான் அங்கே வைத்தேனாம். அவர் போட்டுக்கொண்டிருந்த பேன்ட். என் கை அவ்வளவு நீளமா?

மார்ச் 4
டீயில் சர்க்கரையே இல்லையாம்.

மார்ச் 5
ஆபீசில் மானம் போனது. கடைகளில் தராசு சரியாக நிறுக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. மேலாளர் அம்மா என் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "குறிப்புப் பத்தியில 'மன்னிக்கவும்'னு எழுதியிருக்கீங்க. எதுக்கு? தராசு கோச்சுக்குமா?"

எழுதியதே நினைவில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனாலும் இனி சான்றிதழில் நானே கையெழுத்துப் போடலாமாம்! பதினான்காம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

மார்ச் 6
அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நீயா? தலகாணி உறையத் திருப்பி மாட்டுறவ கையெழுத்துப் போட்டா ஊரே கம்மியாத்தான் நிறுக்கும்."

அழுதுவிட்டேன். "ஜோக்குடி. உனக்கு ஜோக்கே புரியாது." இன்றைய தப்பு: ஜோக் புரியவில்லை.

மார்ச் 7
அக்கா போன் செய்தாள். "ஏண்டி, வாயத் திறந்தா ஸாரிதானா? யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். ஸாரி என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "உங்கக்காதான் உன்னக் கெடுக்கறா. அவளா நானா, முடிவு பண்ணிக்கோ." அதன் பிறகு பேச்சில்லை.

மார்ச் 8
பேசவில்லை.

மார்ச் 9
ஃப்ரிட்ஜிடம் பேசினார். "இந்த வீட்ல தண்ணி ரொப்பி வைக்க நாதியில்ல." ஃப்ரிட்ஜ் சார்பில் நான் ஸாரி சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 10
பழக்கடைத் தராசு. ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்தேன். ஒருமுறை கூடக் காட்டியது, ஒருமுறை குறைத்துக் காட்டியது, மறுபடி கூடியது. கடைக்காரர் குதித்தார். "கல்லுதாம்மா தப்பு!"

"ஒரே கல்ல வச்சு மூணு தடவையும் மூணு எடை காட்டுனா கல்லுல கோளாறு இல்லீங்க. தராசுலதான்" என்றேன். பழுதான தராசில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

நான் என்ன சொன்னேன் இப்போது?

மார்ச் 11
முடிவெடுத்துவிட்டேன். முறைப்படி சோதனை. அதே கோப்பை, அதே பால், ஒன்றரைக் கரண்டிச் சர்க்கரை. கரண்டியின் மேல்பக்கத்தைக் கத்தியால் வழித்துச் சமம் செய்தேன். ஆபீசில்கூட இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

மௌனம் கலைந்தது: "பாயசம் வச்சிருக்கியா?"

மார்ச் 12
அதே ஒன்றரை. "சர்க்கரை போடக்கூடத் துப்பில்ல."

மார்ச் 13
அதே ஒன்றரை. "வேணும்னே உப்புப் போட்டிருக்கே. உனக்கு மூளைல ஏதோ ஆயிடுச்சு."

மிச்சத்தைக் குடித்துப் பார்த்தேன். அருமையான டீ. சமையலறையில் நின்றபடியே சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது — கோளாறு என்னிடம் இல்லையென்றால், இந்த நான்கு வருடமும்? எத்தனை ஸாரி!

மார்ச் 14, வெள்ளி
சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பையை எடுத்துட்டுக் கிளம்பி வா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவர் வேலைக்குப் போயிருக்கும்போதே கிளம்பினேன்.

அவர் நாற்காலியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டக் கை துறுதுறுத்தது. ஒட்டவில்லை. ஆபீஸ் சொத்து.

மார்ச் 17
அவரிடமிருந்து இருபத்தாறு மெசேஜ். நான் தேவதை என்று பாதி, பைத்தியம் என்று பாதி. அதே கல்தான் நான். பதில் போடவில்லை.

மார்ச் 21
முதல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். குறிப்புப் பத்தியைக் காலியாக விட்டேன்.

சாயங்காலம் அக்கா டீ போட்டாள். சர்க்கரை அதிகம். சொல்லிவிட்டேன்! "அப்ப நீயே போட்டுக் குடி" என்று கத்தினாள். நானும் கத்தினேன். கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். இனி எத்தனை நாள் பேசமாட்டாளோ என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

நான்கு நிமிடம். "பிஸ்கட் வேணுமாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.