ஏழில் நின்ற முள்

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, வீட்டுச் சுவர் நான்கும் நலம். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்கும் நீ ஒருத்தியே எங்கள் எல்லாரையும்விட மூன்று பங்கு நலமாக இருக்க வேண்டும், இது ஆணை.

நேற்று எங்கள் சலவை ஆலையில் எனக்குப் பட்டமளிப்பு விழா. மேலாளர் பாய்லர் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் ‘ஃபூல்’ என்று எழுதினார். என்னைவிடக் கனமான அகராதியைத் தூக்கிப் பார்த்தேன். பழைய லத்தீனில் அது காற்றூதும் தோல் துருத்தியாம், பிறகு உள்ளே வெறுங்காற்றை வைத்துக்கொண்டு ஊதுகிறவனுக்குப் பெயராயிற்றாம். வழக்கில் அது எப்போதும் அடுத்தவருக்குத்தான், தனக்கென்று எடுத்துக்கொண்டவர் உலகம் தோன்றிய நாள்முதல் ஒருவருமில்லை. நான் செய்த குற்றம் இதுதான்: காலையில் பற்றவைக்கப் போனால் பாய்லர் தவளை முதுகாகச் சில்லென்று கிடக்கிறது, அழுத்தம் காட்டும் முள்ளோ ஏழில் நிற்கிறது. நெருப்பில்லாத பாய்லருக்கு ஏது அழுத்தம்? பொய் சொல்லும் முள்ளை நம்பினால் வெடிக்கும்போதுதான் தெரியும், பற்றவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் வானம்வரை குவிந்தன, மேலாளர் தொண்டையில்தான் ஆவி ஏறியது. நாளைக்கு ஆய்வாளர் வருவார், பழுது இல்லையென்றால் வீட்டோடு இருந்துகொள் என்றார்.

இதுவரை வீரக்கதை. மணிக்கொருமுறை முள்ளைப் பார்த்து எழுதுவது என் வேலை. சாயங்காலம் பதிவேட்டைப் புரட்டினால், இருபத்தாறு நாளாக என் கையெழுத்தில் ஏழு, ஏழு, ஏழு. விடுமுறைக்கு மறுநாள் பற்றவைக்கும் முன்பும் ஏழு. நிமிர்ந்தே பார்க்கவில்லை, மகளே. பார்க்காமலே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்ட மேலாளர் என்னை ஓரமாக அழைத்து, வாழ்நாளில் முதல்முறையாக அண்ணே என்றார். “அண்ணே, பழைய பக்கத்தை எல்லாம் மாத்தி எழுதிடுங்க. உங்க வேலையும் தப்பும், என் தலையும் தப்பும்.” பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். ஆலையில் அவர் நிற்கும் இஸ்திரி மேசை பாய்லர் அறைச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். “தம்பி, அந்த இருபத்தாறு நாளும் நான் சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார்.

இப்போது ஆய்வாளர் உள்ளே இருக்கிறார். அழுத்தமானியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும்போதும் முள் ஏழைவிட்டு இறங்கவில்லையாம். பதிவேடு திருத்தாமல் அவர் மேசையில் இருக்கிறது. மேலாளரின் சிவப்புச் சொல்லுக்கடியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: ‘பற்றவைக்க மறுத்ததற்கு அல்ல, பார்க்காமல் எழுதிய இருபத்தாறு நாளுக்காக ஏற்றுக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்து. வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன். உன் அம்மா இஸ்திரியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

கூப்பிடுகிறார்கள். நூறு வருஷம் நன்றாக இரு. வார்டில் காய்ச்சலை எழுதும்போது நேற்றைய எண்ணைப் பார்க்காதே, நோயாளியைப் பார்.

இப்படிக்கு,
பட்டத்தைத் தானே வாங்கிக்கொண்ட
உன் சித்தப்பா