மலை தெரிந்த பக்கம்

புரட்டாசி, ஞாயிறு இரவு

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் பயணிகள் படகா, இன்னும் பஸ்ஸா என்று காலையில் ஊர்க் கூட்டத்தில் ஒரே சண்டை. படகுதான் வேண்டும் என்று அதிகம் கத்தியவள் நான். வென்றும்விட்டேன். பிறகு எங்களை வெள்ளோட்டத்துக்கு ஏற்றினார்கள். கோணேசர் மலை தெரிந்ததும், கும்பிடுவதற்கு எல்லோரும் எழும்பி ஒரே பக்கம் போனோம். படகு சரிந்தது. உள்ளே வந்த தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

"இருங்கோ! எல்லாரும் இருங்கோ!" என்று படகோட்டி கத்தினார்; முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். உட்கார்ந்துவிட்டுச் சிரித்தோம்.

இறங்கும்போது அவர் என்னிடம், "இண்டைக்குக் கடல் சும்மா கிடந்தது, டீச்சர். மாரி மழைக் காலத்தில எல்லாரும் இப்பிடி எழும்பினா படகை என்னால பிடிக்க ஏலாது," என்றார்.

அடுத்த மாதம் என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படகில்தான் பள்ளிக்கூடம் வருவார்கள். இப்போதே காற்று மாறி வீசுகிறது. மலையைக் கண்டால் எழும்பி நின்று கும்பிட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.