என் பெருவிரலால் கெட்டுப்போன இரும்பு

மக்கா,

சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. உள்ளே ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம், நடுவில் துளை. மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெய் மணக்கிறது. உன் லேத் பட்டறை மணம்போலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. உன்னுடையது கருகின எண்ணெய். இது சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த எண்ணெய். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இதைக் காட்டிக் கேட்க வேறு ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

மகள் விஷயம்தான். பாலிடெக்னிக் முடித்ததும் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவளை எடுத்தார்கள். வண்டி எஞ்சினுக்குள் போகிற நுணுக்கமான உருப்படிகளைக் கடையும் இடம். உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, ஒரே பிடியாக நின்றாள். "நர்சிங் படிக்கட்டு. பொம்பளப் பிள்ளைய இரும்பு ராவ விட்டா நாளைக்கு எவன் வந்து கெட்டுவான்?" மகள் பெட்டியில் துணி அடுக்கினாள். கடைசியில் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ரப்பர் வெட்டப் போனவன் முகத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்ததோ.

உன் பேச்சைக் கேட்டு நடக்கலாம் என்றால், நீ இரண்டு விதமாய்ச் சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறாய்!

ரப்பர் ஷீட் அடிக்கிற என் ரோலரின் தண்டு உடைந்து, திருவட்டாறு சாலையில் இருந்த உன் பட்டறைக்குக் கொண்டுவந்தேனே, அன்றைக்கு. மகள் அப்போது சின்னப் பள்ளிக்கூடம். லேத்துக்கு அடியில் கிடந்த இரும்புச் சுருளை எடுத்து வளையலாகக் கையில் மாட்டிக்கொண்டாள். நீ மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாய். "ஏட்டி, கையக் கீறிரும், கீழ போடு!" மண்ணெண்ணெய் விட்டு அவள் கையைத் துடைத்தாய். என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைய இந்த எண்ணெயில விட்டுராத, கேட்டியா" என்றாய். நான் தலையாட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் அவள் கையில் வெர்னியர் அளவுகோலைக் கொடுத்து, என் பெருவிரல் எவ்வளவு தடிமன் என்று அளக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் சரியாகச் சொன்னதும் உனக்கு வந்த சிரிப்பு! "லேய், ஒனக்கு எத்தன நாளா சொல்லித் தாறேன், இந்த எளவு வரல்லியே. ஒன் பிள்ளைக்கு வந்துட்டு பாத்தியா."

இதில் எதை நான் எடுத்துக்கொள்ள?

ரோலர் தண்டைக் கடைந்து முடித்ததும் என் கையில் தந்து, "பிசிறு இருக்கா பாரு" என்றாய். எதைக் கடைந்தாலும் என்னிடம் அப்படித்தான் நீட்டுவாய். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைப் பெருவிரலால் தடவ வேண்டும். எங்கேயாவது நறுக்கென்று மயிரிழை தட்டினால் அதுதான் பிசிறு. உன் பட்டறையில் எனக்கு உருப்படியாய்ச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது. அதுதான் என் மானத்தையும் வாங்கியது.

கம்பெனியில் சேருகிற பிள்ளைகளை வீட்டார் பாதியில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்களாம். ஆகவே சேருமுன்னே வீட்டாரையும் வரவழைத்துக் காட்டுகிறார்கள். பட்டறைதானே, கரி ஒட்டும் என்று ரப்பர் வெட்டப் போகும் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். மற்றத் தகப்பன்மார் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். தரை பத்மநாபபுரம் அரண்மனைத் தரைபோல முகம் காட்டியது. பழக்க தோஷம், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சுற்றிக் காட்ட வந்த பெண் ஓடிவந்து, "மாமா, வெறுங்காலோட உள்ள விடமாட்டாங்க" என்று ஒரு ஜோடி சப்பாத்துக் கொண்டுவந்து தந்தாள். குளச்சல்காரியாம், சூப்பர்வைசர். ஏசிக் குளிரில் என் சட்டையின் ரப்பர்பால் நாற்றம் எனக்கு முன்னே நடந்தது. மகள் அதற்கும் முன்னே நடந்தாள், யாரோ ஒருவனுடைய மகளைப்போல.

மெஷின்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். கைப்பிடி சுற்ற ஆளில்லை. "தன்னால ஓடுதுன்னா என் மகளுக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டேன்.

"அது ஓடும் மாமா. சரியா ஓடுதான்னு ஆரு பாக்கது?"

பதிலுக்குத் தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும். பக்கத்தில் ஒரு தட்டில் உருப்படிகள் வரிசையாக மினுங்கின. ஒன்றை எடுத்தேன். என்னை அறியாமல் பெருவிரல் ஓரத்தைத் தடவியது.

"அய்யோ மாமா, தொட்டிராதீங்க!"

கையுறை போடாமல் தொடக் கூடாதாம். விரல் வேர்வை பட்டால் துருப்பிடிக்குமாம். நான் தடவிய துண்டு சிவப்புப் பெட்டிக்குப் போனது. அதில் விழுந்தால் கழிவு. தகப்பன்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் மகள் பக்கத்தில் வந்தாள். "வேலைக்குச் சேருமுன்ன எங்கப்பா ஒரு பீஸ காலி பண்ணியாச்சு" என்று அந்தக் குளச்சல்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. குளச்சல்காரி மேலாளரிடம் கேட்டுவிட்டு அந்தத் துண்டை என் கையில் வைத்தாள். "ஒரு ஓர்மைக்கு வச்சுக்கிடுங்க மாமா."

அதுதான் இந்தத் துண்டு.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். விரலே படக் கூடாத வேலையை நீ வேலை என்பாயா? இந்தச் சவத்தைத் தள்ளு என்பாயா? அந்தக் குளச்சல்காரியின் நகத்தில் கறுப்பு இல்லை. மகள் கையிலும் இனி இருக்காது. நீ எண்ணெயில விட்டுராத என்றது இந்தக் கம்பெனி எண்ணெயையுமா, உன் நகத்துக்குள் கடைசிவரை போகாமல் கிடந்ததே, அந்தக் கறுப்பை மட்டுமா? கேட்டு வைத்திருக்கலாம். உன்னிடம் அரட்டை அடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

வீட்டில், "போவட்டா அப்பா?" என்று மகள் கேட்டாள். "போ. கொள்ளாம், பிடிச்சிருக்குன்னா நில்லு, இல்லன்னா வந்துரு" என்றேன். இது சம்மதமா சமாளிப்பா என்று எனக்கே தெரியாது. உன் தங்கச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏத்த வாழைக்காய் வற்றலைப் பொட்டலம் கட்டினாள்.

மார்த்தாண்டத்தில் பஸ் படியில் மகள் நின்றபோது தலையைத் தொடக் கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது. எதற்கென்று தெரியவில்லை. அவள்தான், "என்னப்பா நிக்கீங்க? தொடுங்க. நான் ஒண்ணும் துருப்பிடிக்க மாட்டேன்" என்று தலையைக் குனிந்து காட்டினாள்.

இன்று பார்த்தேன், பையில் கிடக்கிற துண்டில் துரு கிளம்பியிருக்கிறது. அந்தக் குளச்சல்காரி சொன்னது சரிதான். என் பெருவிரல் ரேகை செம்மண் நிறத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. அனுப்பியது சரியா என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. நீ நீட்டும்போது செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

பிசிறு இல்லை, மக்கா.