மிக்சி போடலாமா?

அக்கா,

இன்று காலை சட்னிக்குத் தேங்காயை மிக்சியில் போட்டுவிட்டு, வழக்கம்போல் போனைத் தொட்டுப் பார்த்தேன். திரை சிவப்பானது. நீங்கள் தட்டிவைத்த வரி வந்தது: "எங்க வூட்ல நைட் முடிச்சிட்டுத் தூங்கிகினு இருக்காரு. மிக்சி வேணாம்." கையை எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டில் இப்போது யாரும் தூங்குவதில்லை. நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. உங்கள் வீட்டு அண்ணன் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேத்தியாத்தோப்பில் மகனோடு இருக்கிறார். போனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த நானும் பூட்டிய வீட்டுக்காக மிக்சி போடாமல் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இட்லிப்பொடியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போகிறார்.

என் சமையல் மேடைக்கும் உங்கள் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே சுவர். நைட் ஷிப்ட் பார்த்து வந்தவர் தூங்கும்போது பக்கத்து வீட்டில் மிக்சி ஓடக் கூடாது என்பது நம் பிளாக்கில் யாரும் எழுதிவைக்காத சட்டம். ஷிப்ட்டோ வாரத்துக்கு வாரம் மாறும். அண்ணன் தூங்குகிறாரா என்று கேட்க வந்து கதவைத் தட்டினால், அதுவே அவரை எழுப்பிவிடும். இந்தத் தொல்லையில்தான் நாம் இருந்தோம்.

அப்போதுதான் லேடீஸ் கிளப்பில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு போட்டார்கள். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம், திரையில் கலர் கலராய்க் கட்டைகள் இருக்கும், இழுத்து ஒன்றோடொன்று மாட்டினால் போதும், பொருந்தாதது ஒட்டாது என்று அந்த டீச்சர் பெண் சொன்னாள். எல்லோரும் திரையில் இருந்த பூனைப் பொம்மையை நடக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழுந்து, "பூனைல்லாம் எனக்கு வேணாம்மா. மிக்சி போடலாமா வேணாமான்னு இது சொல்லுமா?" என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. என் மகனின் பழைய லேப்டாப்பில் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து, இரண்டு வீட்டு ஷிப்ட்டையும் கட்டைகளாய் மாட்டி, நம் போன்களில் ஏற்றிவிட்டீர்கள்: ஆள் தூங்கினால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. நான் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்து அதிகாரம் செய்தேன்.

முதல் நாள் பச்சை காட்டியது. நம்பி அரைத்தேன். அண்ணன் லுங்கியைக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்ணோடு வாசலுக்கு வந்து, "ஏம்மா, நா நைட்டு பாத்துட்டு வந்தது ஒங்க போனுக்குத் தெரியாதா?" என்றார். நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அன்று மத்தியானமே தப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டு வீட்டையும் 'ஆண்ட்' கட்டையால் சேர்த்திருந்தீர்கள். இரண்டு வீட்டிலும் ஆள் தூங்கினால்தான் சிவப்பு வரும். அதைக் கழற்றி, 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' கட்டையை மாட்டினீர்கள். "ஒருத்தர் தூங்குனாலும் போதும்டி," என்றீர்கள்.

பிறகு நீங்களே பகலில் படுத்துவிட்டீர்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப்போய் வந்த அந்த மாதங்களில் பச்சை வந்தாலும் நான் மிக்சி போடவில்லை. ஒரு நாள் கஞ்சி கொண்டுவந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏன்டி மிக்சி போட மாட்டேங்குற? சத்தம் கேட்டாதான் பக்கத்துல ஆள் இருக்குன்னு தைரியமா இருக்கு." அதன்பிறகு அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் கொஞ்சம் உளுந்தைப் போட்டு ஓட்டினேன். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பகலில் எனக்குத்தான் பயமாக இருக்கிறது, அக்கா.

இன்று மத்தியானம் உங்கள் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. முத்தாண்டிக்குப்பத்துப் பெண், கையில் குழந்தை. சாமான் இறக்கி முடிவதற்குள் என்னிடம் வந்து, "அக்கா, அவருக்கு அடுத்த வாரம் நைட்டுங்க. நீங்க எப்ப மிக்சி போடுவீங்க?" என்று கேட்டாள். என்னை அக்கா என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

உங்கள் வீட்டுக் கட்டையைக் கழற்றாமல் அவர்கள் வீட்டை மாட்ட இடமில்லை. நீங்கள் மாட்டியதை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஷிப்ட்டை மாற்றினேன். கடைசியாக உங்கள் வரி இருந்த கட்டையை இழுத்தேன். மூலையில் இருந்த குப்பைத்தொட்டி அதைப் பார்த்து மூடியைத் திறந்தது. என்னால் முடியவில்லை. இனி காலையில் அந்த வரி வராது. இந்த வருஷம் முழுக்க உங்கள் பேச்சென்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எதோடும் மாட்டாத கட்டை ஓடாது. போனுக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அழிந்தும் போகாது. திரையின் ஓரத்தில் அதைத் தனியாக விட்டு, அப்படியே சேமித்துவைத்தேன்.