குளவிச் சத்தம்

நவம்பர் 17, ஞாயிறு

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூரைத் தகரத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது. கல்லெறிகிற பயல்கள்தான் என்று வாசலுக்குப் போய் நாலு வார்த்தை ஏசிவிட்டு வந்தேன். சாயங்காலம் பீலிக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது, கூடக் கொழுந்து பறிக்கிற மீனம்மா சொல்லித்தான் தெரிகிறது: தனுஷிகாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். ராசம்மா அக்கா அதைச் சாணியில் உருட்டிக் கொடுத்து, கூரையில் எறியச் சொன்னாளாம்.

என் மகளின் பல். என் தலைக்கு மேலேயே விழுந்திருக்கிறது. நான் என்னடாவென்றால் ஏசிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் அக்காவின் காம்பரா என் அறைக்கு அடுத்தது. நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை போகாத லயத்துச் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். தனுவுக்கு இரண்டு வயதில் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போனேன். அதற்கு முந்தின வருஷம்தான் அவள் அப்பா அழகன், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். ஆறு வருஷம் கழித்து இந்த ஆவணியில் திரும்பி வந்தேன். போனில் அவ்வளவு வாயடித்த பிள்ளை, நேரில் என்னைக் கண்டதும் அக்காவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இன்னும் வெளியே வரவில்லை. அவளுக்கு அக்காதான் அம்மா. நான் 'போன் அம்மா'.

தை பிறந்தால் அக்காவும் மாமாவும் ரோட்டுக்குக் கீழே கட்டிய புது வீட்டுக்குப் போகிறார்கள். "அதுக்குள்ள புள்ள ஒன்கிட்ட ஒட்டிக்கிட்டா சரி. இல்லன்னா எங்களோட வரட்டும். அழ வச்சுப் பிரிக்க எனக்கு மனசு வராதுடி" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

நவம்பர் 19, செவ்வாய்

நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது. கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறினால் மூச்சு நிற்கிறது. டிஸ்பென்சரியில் பார்த்தவர், "நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசு" என்று சொல்லி இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

மனசுக்கு எனக்கே ஒரு வைத்தியம் தெரியுமே! சிங்கப்பூரில் நான் பார்த்துக்கொண்ட டான் ஐயாவுக்கு ஒரு பக்கம் வாதம். காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மாடிவீட்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டு போவேன். அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடி சீகொங் செய்வார்கள். மெதுவாகக் கையைத் தூக்கி, மூச்சை இழுத்து, அதை ஒரு சத்தமாக வெளியே விடுவது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சத்தம் என்பது அவர்கள் கணக்கு. நுரையீரலுக்கு ஸ்ஸ்ஸ் — துக்கம் அங்கேதான் தங்குமாம். ஈரலுக்கு ஷ்ஷ்ஷ், அது கோபத்துக்கு. இருதயத்துக்கு ஹா. மண்ணீரலுக்கு ஹூ, கவலை போக. பயத்துக்கு ஒன்று, கடைசியில் உடம்பு முழுக்க அடங்க ஒன்று. நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி நானும் செய்வேன். பிள்ளை நினைப்பு தாங்க முடியாத நாளில் அந்த ஸ்ஸ்ஸ்தான் என்னை நடமாட வைத்தது.

ஊருக்கு வந்ததும் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இன்று வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். எனக்கு ஷ்ஷ்ஷ் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நவம்பர் 22, வெள்ளி

நல்ல மழை. மூச்சு பரவாயில்லை. பள்ளிக்கூடம் போகும்போது தனு என் வாசலை மட்டும் ஓடிக் கடக்கிறாள். நான் என்ன, கடிக்கவா போகிறேன்?

நவம்பர் 29, வெள்ளி

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால், என்னைக் கண்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். மலைக்கு ஏறும்போது மீனம்மாவைப் பிடித்துக் கேட்டேன்.

"கோவிச்சுக்காத வினோதா. பொழுது சாயுறப்ப ஒன் காம்பராவுல குளவி எரையிற சத்தம் வருதாமே? அழகன்தான் ஒன் மேல ஏறியிருக்கான்னு பேசிக்கிறாங்க. குளவி கொட்டிச் செத்தவன் குளவியாத்தான வருவான்?"

"யாரு பேசிக்கிறா?"

"எல்லாருந்தான்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அக்கா என்னைக் கண்டதும் தனுவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கதவைத் தட்டி விளக்கம் சொன்னேன். மூச்சுப் பயிற்சிக்கா, சிங்கப்பூரில் பெரிய பெரிய ஆளெல்லாம் செய்கிறது என்றேன். அக்கா கதவைத் திறக்காமலே சொன்னாள்: "மூச்சு வுடுறதுக்கு யாராச்சும் பயிற்சி எடுப்பாங்களா? பொறந்ததுலருந்து வுட்டுக்கிட்டுத்தான இருக்கோம்?"

என் காம்பராவுக்கு வந்து இன்றைக்கு இரண்டு ஷ்ஷ்ஷ் கூடுதலாக எடுத்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

மாமா போய் கணேசமூர்த்தி பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயமே என் வாசலில் நிற்கிறது. பூசாரி உடுக்கை அடித்து, முகத்தில் விபூதியை ஊதி, "சொல்லு! யாரு நீ? எங்கருந்து வந்த?" என்றார்.

"வினோதாங்க. பீலியிலருந்து வர்றேன். அடுப்புல பருப்பு வேவுது, வெரசா முடிங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "பொல்லாத அழுத்தக்காரன்! லேசுல எறங்க மாட்டான்" என்று அழகனை ஏசினார். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுசன் ஒருத்தரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. சம்பள நாளில் எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் சீனி முட்டாய் வாங்கி வருவார், வெட்கப்பட்டுக்கொண்டே கொடுப்பார். அவரைப் போய் பொல்லாதவன் என்கிறார்களே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் அழுததும், "எறங்கிட்டான்" என்று கையில் கயிறு கட்டினார். பருப்பு அடிப்பிடித்துப் போனது.

அக்காவின் இடுப்புக்குப் பின்னால் நின்று தனு பார்த்துக்கொண்டே இருந்தாள். பயந்த முகமாக இல்லை. என்னவோ ஆசையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

டிசம்பர் 9, திங்கள்



இனி சத்தம் எடுக்கவே கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம், அதுதான் கயிறு கட்டியாச்சே, இனி என்ன என்று ஸ்ஸ்ஸ் எடுத்தேன். முடிந்ததும் சுவரில் யாரோ நகத்தால் பிராண்டுகிற மாதிரி இருந்தது. பிறகு குரல்.

"போன் அம்மா."

வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. சுவரோடு ஒட்டிப் போய் உட்கார்ந்தேன்.

"என்னா கண்ணு?"

"அப்பா வந்துருக்காராமே. இப்ப சத்தம் போட்டது அவருதான?"

இல்லை என்று சொன்னால் போய்விடுவாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே, "அவருகிட்ட என்னா சொல்லணும்?" என்று கேட்டேன். பாவி நான்.

"எனக்குப் பல்லு விழுந்துருச்சுன்னு சொல்லு."

டிசம்பர் 11, புதன்

அக்கா தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து சுவருக்கு வந்துவிடுகிறாள். டீச்சர் ஏசியது, பக்கத்து வகுப்புப் பிள்ளைக்குக் கையில் அட்டை கடித்தது, எல்லாம் சொல்கிறாள். பழைய வாயாடி அப்படியே இருக்கிறாள். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அவளுக்கு அந்நியம் என் முகம்தான். குரல் பழக்கம். முகம் தெரியாத அளவுக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தால் போதும், அவளுக்கு நான் அம்மாதான்.

ஆனால் எல்லாம் அப்பாவிடம் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறாள். நான் நடுவில் இருக்கிற போன்.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை

வேலை விட்டு வந்தால் என் வாசற்படியில் ஒரு மண் விளக்கு எரிகிறது. காற்றுக்கு அணையாமல் இருக்க உடைந்த ஓடு ஒன்றும் வைத்திருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம், "அப்பாவுக்கு வச்சேன். மலையிலருந்து வர்றப்ப இருட்டா இருக்கும்ல" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. இது எங்கே போய் நிற்கும்? பிள்ளை தினமும் விளக்கு வைத்துக் காத்திருப்பாளா?

"தனு, கேளு. அந்தச் சத்தம் அப்பா இல்ல. நான்தான் போட்டேன். நெஞ்சுல துக்கம் அடச்சுக்கிட்டா அத வெளிய வுடுற சத்தம் அது. அப்பா செத்துப் போயிட்டாருடா. இனி வர மாட்டாரு."



"பொய்" என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 14, சனி

காலையில் வாசலில் விளக்கைக் காணோம். வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

டிசம்பர் 28, சனி

ஒன்றும் இல்லை. சத்தம் எடுக்கிறேன், சுவர் ஊமையாக இருக்கிறது. ஒரு பொய் சொல்லியிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும்? ஆமா வந்துருக்காரு, ஒன் பல்லப் பத்தி கேட்டாருன்னு சொல்லியிருந்தா அது என் பக்கத்துல வந்து ஒக்காந்துருக்கும்ல? பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு நான்! வச்சுக்க ஒன் உண்மைய.

இன்று ஸ்ஸ்ஸ் எடுக்கும்போது பாதியில் அழுகையாகிவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வாசலில் பொங்கல் வைத்தேன். அக்கா தனுவிடம் ஒரு தட்டில் பொங்கல் கொடுத்தனுப்பினாள். படியில் வைத்துவிட்டு ஓடிப்போனாள். தட்டைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். பைத்தியக்காரி.

ஜனவரி 31, வெள்ளி

புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். நானும் போனேன். சீமெந்துக் கல் சுவர், தனித்தனி அறை, தண்ணீர்க் குழாய். பால் பொங்கி வழிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். தனு புதுச் சட்டையில் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

இனி அவள் அவர்களோடு அங்கேதான். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பெத்த புள்ளன்னு ஒரு நாளும் அதுகிட்ட சொன்னதில்லடி. ஒன் அம்மா போன்ல இருக்கான்னுதான் சொல்லி வளத்தேன்." அழுதாள். நானும் அழுதேன். யாரை நொந்துகொள்வது?

வீட்டுக்கு வந்து சத்தம் எடுத்தேன். அடுத்த காம்பரா காலியாக இருப்பதால் என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. எடுத்த வரை போதும் என்று எழுந்துவிட்டேன்.

பெப்ரவரி 5, புதன்

பொழுது சாயும் நேரம் அக்கா மேடேறி மூச்சு வாங்க வந்து நிற்கிறாள். பக்கத்தில் தனு.

"ஒன் பயிற்சிய நீயே இதுக்குச் சொல்லிக் குடு தாயி. அஞ்சு நாளா தூங்க மாட்டேங்குது. சுவத்துல காத வச்சுக்கிட்டே கெடக்குது. ஒண்ணும் கேக்கல ஒண்ணும் கேக்கலன்னு ஒரே அழுவாச்சி."

தனு என்னிடம் வரவில்லை. நேரே பழைய காம்பராவுக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து சுவருக்கு அந்தப் பக்கம் நகம் பிராண்டியது.

"சத்தம் போடு."

"அது அப்பா இல்லடா."

"தெரியும். போடு."

போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஸ்ஸ்ஸ் எடுத்ததில்லை. அக்கா வாசலில் குந்திக்கொண்டு வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 8, சனி

நேற்றும் வந்தாள், இன்றும் வந்தாள். அங்கே அவள், இங்கே நான். ஹா நன்றாகச் செய்கிறாள். ஸ்ஸ்ஸ் எடுத்தால் பல் விழுந்த சந்து வழியாக விசில் அடிக்கிறது. நான் சிரித்தால் அவளுக்குக் கோபம் வருகிறது, அதனால் ஷ்ஷ்ஷும் சொல்லிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அடுத்த காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். காலையில் வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.  இனி எந்தச் சுவர்?

சாயங்காலம் தனு வந்தாள். பூட்டைப் பார்த்தாள். என் வாசலைப் பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே காலை எடுத்து வைத்து, அதிகாரமாகச் சொன்னாள்: "அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு. பாக்கக் கூடாது."

பாயில் திரும்பி உட்கார்ந்தேன். அவள் வந்து என் முதுகோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். சின்ன முதுகு, சூடாக இருந்தது. ஹூ எடுத்தோம். அவள் மூச்சு இழுப்பது என் முதுகில் தெரிந்தது. பிறகு, "அப்பாவுக்கு ஒண்ணு" என்றாள். இருவரும் ஸ்ஸ்ஸ் எடுத்தோம். விசில் வந்தது. அவளே சிரித்துவிட்டாள். திரும்பி அவளைக் கட்டிக்கொள்ளக் கை பறந்தது. ஏய் வினோதா, திரும்பாதடி, திரும்பாத என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

"கையக் குடு" என்றாள்.

தோளுக்கு மேலே கையைப் பின்னால் நீட்டினேன். என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டாள். ஈறில் ஏதோ கூராக, குருணை அரிசி அளவுக்குத் தட்டுப்பட்டது.

"புதுப் பல்லு வருது. அங்க யாருக்கும் இன்னும் தெரியாது."

பீலியில் மீனம்மாவைப் பார்த்தேன். அவளிடமும் சொல்லவில்லை.