பேரன் சொன்ன கிணறு

உன் படத்துக்குப் போட்ட சாமந்தி மாலையின் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கோபமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் உன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார்கள். அமைதியானவள், அதிர்ந்து பேசாதவள் என்றார்கள். பிறகு, உன்னை ஒரு நாளும் பார்த்திராத ஓர் இளைஞர் மைக்கைப் பிடித்தார். "ரப்பர் தோட்டத்துப் பிள்ளைங்க மேல இருந்த பாசத்துல, டவுன் ஸ்கூலே வேணாம்னு அவங்களே கேட்டு மாத்தல் வாங்கிட்டுப் போனாங்க," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். இந்த வயதில் எழுந்து நிற்பதே ஒரு வேலை.

"தம்பி, இத உங்களுக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றதுதாம்மா."

"எல்லாரும்னா யாரு? அதுல ஒருத்தராவது அப்ப அங்க இருந்தாங்களா?"

அவர் கையிலிருந்த குறிப்பைப் புரட்டினார். "அவ கேட்டுப் போகல தம்பி. அனுப்புனாங்க," என்றேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் முழங்கையைப் பிடித்து, "விடுங்க டீச்சர், இந்த நேரத்துலயா இதெல்லாம்," என்று உட்கார வைத்துவிட்டார். என்னால் விட முடியவில்லை. நடந்ததை நடந்தபடி யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னிடமே சொல்கிறேன்.

மலாயா சுதந்திரம் அடையவிருந்த வருஷம் அது. மலாக்காவின் காஜா பேராங்கில் நாம் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, நீ சரித்திரம். ஊரில் எங்கே போனாலும் குடியுரிமைப் பேச்சுதான். யார் எத்தனை காலமாக இந்த மண்ணில் இருக்கிறார்கள், யார் நேற்று வந்தவர்கள் என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு சுதந்திர மலர் போடத் தீர்மானித்தார்கள். நம் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த துணிக்கடை முதலாளி அதற்கு ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தாத்தா கப்பலை விட்டு இறங்கும்வரை மலாக்காவில் இந்தியர் என்று சொல்ல ஒருவரும் இல்லையாம். காஜா பேராங்கின் பொதுக் கிணற்றைத் தோண்டி ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர் அந்தத் தாத்தாதானாம். சுதந்திர விழாவில் அதைப் பிள்ளைகள் மேடையில் படிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

நீ அதை வகுப்பில் படித்துக் காட்டினாய். லெட்சுமி துள்ளி எழுந்தாள். அவள் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இங்கே வந்து, திருநீற்றையும் சாமியையும் விடாமல், பேச்சை மட்டும் மலாயாக்கிக்கொண்ட குடும்பம். "பொய், சிக்கு!" என்று, டீச்சரைக் கூப்பிடும் மலாய்ச் சொல்லால் உன்னைக் கூப்பிட்டு, மலாயிலேயே கத்தினாள். "அந்தக் கிணத்தத் தோண்டுனது எங்க ஆளுங்க. எங்கப்பா சொல்லியிருக்காரு."

நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அவள் பக்கம் சேர்ந்திருப்பேன். நீ சேரவில்லை. "முதலாளி அவங்க தாத்தான்னு சொல்றாரு. லெட்சுமி அவங்க குடும்பம்னு சொல்றா. ரெண்டு பேருமே அப்ப அங்க இல்ல. பின்ன எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று வகுப்பைக் கேட்டாய்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் வீடு தங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரையே சுற்றினார்கள். கிளேபாங்கில் ஒரு பெரியவர், தெங்கேராவில் ஒருவர், கோயிலருகே ஒருவர் என மூன்று பேரும் முதலாளி சொன்னதையே சொன்னார்கள். பிள்ளைகள் சோர்ந்துபோய் வந்தார்கள். லெட்சுமியின் முகம் கறுத்திருந்தது. நீ ஒன்றுதான் கேட்டாய். "அவங்களுக்கு யாரு சொன்னான்னு கேட்டீங்களா?"

மறுபடி போனார்கள். மூவரும் அதை முதலாளி வீட்டுக் கல்யாண விருந்தில்தான் கேட்டிருக்கிறார்கள். அன்று நீ கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னதை, அடுத்த வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நான் சுவர் வழியாகக் கேட்டேன். "மூணு பேரு ஒருத்தர்கிட்ட கேட்டுச் சொன்னா அது மூணு சாட்சி இல்ல. ஒரே சாட்சி, மூணு வாயி."

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வருஷம் செதுக்கிய ஒரு கல் இருந்தது. மயானத்தில் தாத்தாவின் சமாதியில் அவர் பிறந்த வருஷம் இருந்தது. கல்லில் இருந்த வருஷத்தில் தாத்தா பிறக்கவே இல்லை! பிள்ளைகள் குதித்தார்கள். நீ குதிக்கவில்லை. "அந்தக் கல்ல வேற எங்கேயாச்சும் இருந்து கொண்டாந்து பதிச்சிருந்தா?" என்றாய். எனக்கே எரிச்சல் வந்தது. அப்புறம் அவர்களை நில அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாய். பழைய வரைபடம் ஒன்றில் கிணறு இருந்தது. அதுவும் தாத்தாவின் காலத்துக்கு முந்தியது. சுற்றிலும் செட்டிகளின் வீடுகள் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. இந்தியரே இல்லாத இடத்தில் செட்டி வீடுகள் எப்படி வந்தன?

பிறகு லெட்சுமியின் பக்கம் திரும்பினாய். அவள் அப்பாவுக்கு யார் சொன்னது? அவருக்கு அவருடைய அப்பா. அதற்குமேல் ஒன்றும் இல்லை. கல்லிலும் பெயர் இல்லை, வரைபடத்திலும் இல்லை. அவள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். நீ அவளைத் தேற்றினாயே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை. கண்டுபிடித்ததை எல்லாம் பிள்ளைகள் மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அதன் கடைசி வரியைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எழுதினாள்: "இந்தக் கிணற்றைத் தோண்டியவர் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை."

அந்த ஒரு வரியைத்தான் நிர்வாகக் குழுவால் தாங்க முடியவில்லை.

தலைமை ஆசிரியை உன்னை அறைக்குக் கூப்பிட்டபோது நானும் கூடவே வந்தேன். முதலாளி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நம்மை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. "யாரு தோண்டுனான்னு தெரியலதானே?" என்றார் அவர். "தெரியலன்னா எங்க தாத்தா பேரையே போட வேண்டியதுதானே? என்ன நட்டம் உங்களுக்கு?"

சிரிப்பதா அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அமைதியாக, "உங்க தாத்தா தோண்டலங்கறது மட்டும் தெரியும் சார்," என்றாய்.

"நாடு புதுசா பிறக்குற நேரம்மா," என்றார் தலைமை ஆசிரியை. "நமக்குள்ள ஒத்துமை முக்கியம். ஒரு கிணத்துக்காகப் பெரிய மனுஷரைப் புண்படுத்தலாமா? பிள்ளைங்கள மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இதோட முடிஞ்சிடும்."

"தப்பு எங்கேன்னு காட்டுங்க. நானே கேக்குறேன். பிள்ளைங்க கேக்க மாட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். லெட்சுமி குடும்பத்தையே இல்லை என்று எழுதுவதற்குப் பெயர் ஒற்றுமையா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். கல்வி அதிகாரியின் அலுவலகத்துக்கும் போய் நின்றேன். காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பதில் வரவேயில்லை. உனக்கு மாற்றல் உத்தரவு மட்டும் வந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு தோட்டப் பள்ளிக்குப் போனாய். அதைத்தான் இன்றைக்குப் பாசம் என்கிறார்கள்.

பிள்ளைகளின் கட்டுரை மலரில் வரவில்லை. முதலாளியின் கட்டுரை அவர் படத்தோடு வந்தது.

விழாவில் அதைப் படிக்க யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? லெட்சுமியை. குரல் நன்றாக இருக்குமாம். அதோடு, செட்டிப் பெண்ணே படித்தால் எதிர்ப்பேச்சு இருக்காது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அவள் மேடை ஏறினாள். தாளைப் பிரித்து, மலாயில் நிதானமாக ஆரம்பித்தாள். "என் தாத்தா வரும்வரை மலாக்காவில் இந்தியர் ஒருவரும் இல்லை." நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். "காத்தா சூச்சுன்யா," என்றாள். அதாவது, 'என்று பேரன் சொல்கிறார்.'

முதல் வரிசையில் இருந்த முதலாளி தம்மைப் பெருமைப்படுத்துகிறாள் என்று எண்ணிக் கைதட்டினார்.

"என் தாத்தாவே இந்தக் கிணற்றைத் தோண்டினார். காத்தா சூச்சுன்யா." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஊரே அவரை வாழ்த்தியது. காத்தா சூச்சுன்யா." அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியின் கை பாதித் தட்டலில் நின்றுவிட்டது. அவள் ஒரு வரியையும் விடவில்லை, ஒரு வரியையும் மாற்றவில்லை. கடைசிவரை படித்து, வணங்கிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் அவளுடைய மாணவர் தலைவி பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "நான் என்ன பொய் சொன்னேன் சிக்கு? யாரு சொன்னதுன்னுதானே சொன்னேன்," என்றாள் என்னிடம். ஒரு குழந்தையின் சட்டையிலிருந்து அந்தத் துணித்துண்டை உருவிய கைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து உன்னிடம் ஓடி வந்தேன். தோட்டத்து வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். நீ முதலில் என்ன கேட்டாய்? "இது யாரு சொன்னா ஒனக்கு? நீ அங்க இருந்தியா?"

"மூணாவது வரிசையில இருந்தேன்டி!"

அதன் பிறகுதான் சிரித்தாய். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. அன்று முழுக்க நான் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ திட்டவில்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும் ஜன்னலருகே வந்து, "கோபப்படு. வேணாங்கல. சரிபார்த்துட்டுக் கோபப்படு," என்றாய்.

அன்றிலிருந்து அப்படியே செய்து வருகிறேன். கணக்குப் பாடத்திலும் பிள்ளைகளை, "இது எப்படித் தெரியும், யார் சொன்னது?" என்று கேட்டுக் கேட்டு வேலை வாங்கினேன். பேப்பரில் வருவதை, தலைவர்கள் பேசுவதை, நான் நம்ப விரும்புவதையும்கூட நிறுத்திவைத்துப் பார்த்த பிறகே நம்புகிறேன். என் கோபங்களில் பாதி அப்படிச் சரிபார்த்தபோது உதிர்ந்துபோயின. உன்னை மாற்றியதில் வந்த கோபத்தை மட்டும் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அவர்கள் பக்கத்தில் நின்றும் பார்த்தேன்.

அது உதிரவில்லையடி.