நாற்பதாவது நொடியில் அறுந்த லைன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் நலம். கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கையெல்லாம் மெஷின் எண்ணெய் என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அக்கா. கண்ணாடி இல்லாமல் அப்பாவால் படிக்க முடியாது. கண்ணாடி என் பையில்.)

நீ அனுப்பிய ஆன்லைன் சேவை டிஸ்க் வந்து மூன்று வாரம் ஆகிறது. சொல்லாமல் வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுத்துப் போனாய் என்று அம்மா ஆறு மாதமாக உன்னோடு பேசுவதில்லை, உன் போன் வந்தாலே குளிக்கப் போய்விடுகிறாள் (வீட்டிலேயே சுத்தமான ஆள்). எழுத்திலாவது பேசட்டும் என்றுதானே அனுப்பினாய். இருபது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் செய்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். இருநூற்று ஐம்பத்தாறு நிறம் இல்லாவிட்டால் ஓடமாட்டேன் என்றது. நம் திரைக்குத் தெரிந்தது பதினாறு. அதற்கான ஃபைலைத் தேடிப் போட்டால், கம்ப்யூட்டரைப் போன் லைனில் இணைக்கும் மோடம் டயல் செய்யும்போதெல்லாம் மௌஸ் செத்துவிழுந்தது. எங்கோ இறுகியிருக்கிறது என்று மௌஸுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். (இப்போது அது எலி இல்லை, விலாங்கு.) உதவி எண்ணுக்குப் போன் செய்தால், "மௌஸும் மோடமும் ஒரே வழியில மோதுது சார், மோடம் கார்டுல ஒரு குட்டி கிளிப் இருக்கும், அதைப் பக்கத்துக் குச்சிக்கு மாத்திட்டு, போனை வெச்சுட்டு கனெக்ட் பண்ணுங்க" என்றான். வீட்டில் இருப்பது ஒரே லைன். ஒவ்வொரு முறை வைத்து எடுக்கும்போதும் புது ஆள், முதலிலிருந்து கதை. ஐந்தாவது ஆள் "எண்ணெயா சார்?" என்று மூன்று முறை கேட்டான்.

கிளிப்பை மாற்றியதும் இரண்டும் சமாதானமாயின. ஆனால் மோடம் கீச்சிட்டு லைன் கிடைத்து, பாஸ்வேர்டு சரிபார்க்கும் நேரத்தில், டயல் செய்த நாற்பதாவது நொடியில் லைன் அறுந்துவிடும். ஏழு தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன், ஏழு தடவையும் அதே நாற்பது. நேற்று உன் தங்கை படுக்கையறையை எட்டிப் பார்த்திருக்கிறாள். அதே லைனில் அங்கிருக்கும் இரண்டாவது போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருக்கிறாள். அதை எடுத்தாலே மோடத்தின் லைன் அறுந்துவிடும். டயல் சத்தம் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்து சேர அவளுக்கு நாற்பது நொடி. என்னம்மா பண்றே என்றதற்கு, "அவ பேசுறாளான்னு பாத்தேன்டி. வெறும் கீச்சு கீச்சுன்னு வருது, அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்றாளாம். நீதான் பேசுறதில்லையே என்று நான் கேட்டதற்கு, "நான் எங்க பேசினேன், கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்கிறாள். (அப்பா திட்ட வாயைத் திறந்தார். அப்படியே கொட்டாவியாக மாற்றிவிட்டார்.)

அந்தப் போனைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். உடனே கனெக்ட் ஆகிவிட்டது. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம்மூர் மாலை ஐந்து மணிக்கு, உன் நேரத்துக்குக் கணக்குப் போட்டு, வந்து உட்கார். அம்மா டைப் செய்ய ஒப்புக்கொண்டாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறாள். (நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். "சாப்பிட்டியா" ஆறு நிமிஷம். "ஏன்டி சொல்லாம போனே" பதினொன்று.) இதில் ஒரு தொல்லை: பத்து நிமிஷம் யாரும் ஒன்றும் அனுப்பாவிட்டால் சேவை தானே லைனை அறுத்துவிடும். ஆகவே அவள் அடித்து முடிக்கும்வரை நீ சும்மா காத்திருக்காதே, நடுநடுவே ஒரு புள்ளியாவது அடித்து அனுப்பு. நீ அங்கே இருக்கிறாய் என்று அவளுக்கும் தெரியட்டும்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொன்னாள் அம்மா.

எண்ணெய்க் கையோடு,
அப்பா

(புள்ளியை மறக்காதே, அக்கா.)